பெரிய சேரின் பிஸ்கட் டின்

புதிதாக ஆசிரிய ஆலோசகர்களாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் தரத்துப் பிள்ளைகள் நாற்பது பேரைச் சமாளிப்பது பெரிய காரியமில்லை. அதிபர்கள் இருபது பேரைக் கதிரையில் உட்காரவைத்து ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்திப் பாருங்கள். அதற்குப் பிறகு எந்தக் குழப்படிக்காரப் பிள்ளையும் உங்கள் கண்ணுக்குத் தங்கமாகத் தெரியும்.

மாத்தளையில் நான் பல வருடங்கள் செய்த வேலை அதுதான். பாடசாலைகளுக்குக் கணினி வரத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கவேண்டும் என்ற புதிய முறையும் கூடவே வந்தது. பிள்ளை தொட்டுப் பார்க்கவேண்டுமானால் ஆசிரியர் விடவேண்டும், ஆசிரியர் விடவேண்டுமானால் அதிபர் விடவேண்டும். ஆகவே முதலில் அதிபர்களைப் பழக்குங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். சொன்னவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அகப்பட்டுக்கொண்டது நான்.

ஒருவர் அதிபராகும் அன்றே வெண்கட்டியைக் கீழே வைத்துவிடுகிறார். அதன் பிறகு மணியை ஒருவர் அடிப்பார், அலுமாரியை ஒருவர் திறப்பார், கடிதத்தை ஒருவர் எழுதிக்கொண்டு வருவார். அதிபரின் கைக்கு மிஞ்சியிருக்கும் வேலை கையெழுத்து ஒன்றுதான். அப்படிப் பழகிய மனிதரின் முன்னால் ஒரு கணினியை வைத்தால், "மிஸ், பட்டன நீங்க அமத்துங்க, நான் பாத்துக்கிறேன்" என்பார். பக்கத்துக் கதிரைக்காரரும் அதையே சொல்லுவார். இருபது கணினிகளையும் நானே ஓடி ஓடி அமத்திய நாட்கள் உண்டு. ஒரு பாடசாலையில் கணினியை வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். துணியை விலக்கிப் பார்த்தேன், திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். சரஸ்வதி பூசைக்கு வைத்ததாம், அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

எங்கள் பயிற்சி நிலையம் நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. நிரந்தரமாக அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். மற்றவர் நசீர் நானா. மாத்தளை நகரத்தில் வாசனைச் சரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. கடையில் நிற்கப் பிடிக்காமல் கணினி திருத்தக் கற்றுக்கொண்டு எங்களிடம் வந்தவர். சொந்தமாக ஒரு த்ரீவீலரும் வைத்திருந்தார். கணினி ஓடாத நாளில் த்ரீவீலர் ஓடும் என்பார். என்னைவிட வயதில் மூத்தவர், அதனால் எனக்கு நானா, அண்ணன்; வாய் மட்டும் இளமை.

நான் சொல்லப்போவது யுத்த நிறுத்தம் முறிந்து மறுபடியும் சண்டை மூண்டிருந்த காலத்தில் நடந்தது. பஸ்ஸில் யாருடையது என்று தெரியாத ஒரு பையைக் கண்டாலே சனங்கள் குதித்து இறங்கி ஓடினார்கள். வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. அடையாள அட்டை இல்லாமல் கடைக்குப் பாண் வாங்கக்கூடப் போகமாட்டோம். அப்படிப்பட்ட ஒரு காலத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? தமிழ் அதிபர்கள் இருபது பேரின் கையில் ஆளுக்கொரு தகர டின், வயர், பட்டரி, அலறுகிற பசர் எல்லாவற்றையும் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினேன்.

எந்தப் புத்தியுள்ள மனுஷி இதைச் செய்வாள் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. எங்களுடைய தொழிலுக்கென்றே ஒரு குருட்டுத்தனம் இருக்கிறது. எங்களுக்கு வயர் என்றால் ஆறாம் தரம், மின்சாரப் பாடம். பட்டரி என்றால் அடுத்த பக்கம். அதை வேறு யாராவது வேறு கண்ணால் பார்ப்பார்கள் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. நசீர் நானாவுக்கும் வரவில்லை. வயரை அளந்து வெட்டிக் கொடுத்தவரே அவர்தான்.

அந்தச் சாதனத்துக்கு நாங்கள் வைத்த பெயர் விடை சொல்லும் பெட்டி. ஒரு பெரிய பிஸ்கட் டின்னின் வாயில் கார்ட்போர்ட் மட்டை ஒன்றை இறுக்கமாகப் பொருத்தவேண்டும். மட்டையின் இடது பக்கம் ஐந்து கேள்வி, வலது பக்கம் இடம் மாற்றி ஐந்து விடை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி. மட்டைக்குக் கீழே கேள்வியையும் அதற்குரிய விடையையும் வயர் இணைத்திருக்கும். மட்டைக்கு மேலே பட்டரியும் பசரும்; அவற்றிலிருந்து இரண்டு வயர் முனைகள் தொங்கும். ஒன்றைக் கேள்வியில் வைத்து மற்றதைச் சரியான விடையில் வைத்தால் பசர் அலறும், தவறான விடையில் வைத்தால் பேசாமல் இருக்கும். பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால் சாப்பாட்டு இடைவேளைக்குக்கூட எழும்பமாட்டார்கள்.

இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் கணினியில் கேள்விகளை அடித்து அச்செடுப்பது, இரண்டாம் நாள் பெட்டி செய்வது. முடிவில் சான்றிதழ். அந்தச் சான்றிதழில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. "இவர் தமது கைகளாலேயே ஒரு கற்றல் சாதனத்தை உருவாக்கினார்" என்ற வசனத்தை நான்தான் எழுதிச் சேர்த்தேன், தமிழிலும் சிங்களத்திலும். கீழே என் பெயர், என் கையெழுத்து, நிலையத்தின் தொலைபேசி இலக்கம்.

இனிப் பெரிய சேருக்கு வருவோம். பெரிய வாத்தியார் என்ற மரியாதையில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள், நானும் இங்கே அப்படியே சொல்லுகிறேன். அலுவிகாரையைத் தாண்டி இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபர். ஓய்வுக்குச் சில காலமே இருந்தது. பழைய இனக் கலவரத்தில் பாடசாலை எரிந்தபோது மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு நாளும் விடாமல் படிப்பித்தவர். பயிற்சிக்கு வந்திருந்த அதிபர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்கள், நானும் என்னை அறியாமல் எழுந்துவிடுவேன்.

முதல் நாள் முழுக்க அவர் கணினியைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மற்றவர்கள் வயரை மாற்றிப் பூட்டிக் கழற்றி, பசர் இருபது தடவை அலறி, சிறு பிள்ளைகள் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டின்னின் தகர மூடியை மூடினால் தொங்கும் இரண்டு முனைகளும் தகரத்தில் பட்டு அலறும், ஆகவே மூடுவதற்கு முன் பட்டரியைக் கழற்றவேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தங்கள் டின் அலறித்தான் தெரிந்துகொண்டார்கள். நான் சொல்லிக்கொடுக்கவே தேவைப்படவில்லை.

பெரிய சேரின் முன்னால் எல்லாச் சாமான்களும் கொடுத்தபடியே கிடந்தன. நான் பக்கத்தில் போனேன். அவர் ஒரு வயரை எடுத்து முனையைப் பார்த்தார், திரும்ப வைத்தார். விரல் லேசாக நடுங்கியது. அவரிடம் படித்த ஒருவர் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை. இவரையா இத்தனை பேர் முன்னால் தடுமாறவிடுவது?

"சேர், பஸ்ஸுக்கு நேரமாச்சு, குடுங்க, நான் ரெண்டு நிமிஷத்துல பூட்டித் தாறேன்" என்றேன்.

"இல்ல மிஸ், நான்..." என்று தொடங்கினார். நான் முடிக்கவிடவில்லை. எனக்கு அவசரம் கூடிய கை. மற்றவர்கள் அச்செடுத்த கேள்வித் தாள் ஒன்றை ஒட்டினேன், பூட்டினேன், பட்டரியைப் போட்டேன், ஒரு தரம் அலறவைத்துக் காட்டினேன், சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். அவர் டின்னை மூடும்போது நான் அங்கே இல்லை. அடுத்தவருக்குக் கையெழுத்துப் போடப் போய்விட்டேன். மிகவும் நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்ட திருப்தி எனக்கு.

ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. நிலையத்தின் தொலைபேசி அடித்தது. அலுவிகாரை பக்கத்துச் சோதனைச் சாவடியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர். என் பெயரைச் சொல்லி, அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் நீங்களா என்று சிங்களத்தில் கேட்டார். ஆம் என்றேன். உடனே வாருங்கள் என்றார்.

நடந்தது இதுதான். பெரிய சேர் பட்டரியைக் கழற்றாமல் மூடியை மூடியிருக்கிறார். மூடி இறுக்கமாக உட்காரவில்லை, அதனால் அப்போது சத்தம் வரவில்லை. பையைப் பஸ்ஸின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். சாவடிக்குச் சற்று முன்னால் ஒரு குழியில் பஸ் விழுந்து எழும்ப, மூடி நச்சென்று உட்கார்ந்து, டின் அலறத் தொடங்கிவிட்டது. அலறினால் நிற்காத சாதி அந்தப் பசர். பஸ் நிற்பதற்கு முன்பே ஆட்கள் குதித்திருக்கிறார்கள். பொலிசார் வந்து, யாருடைய பை என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் தரம் கேட்டபோதுதான் பெரிய சேர் கையைத் தூக்கியிருக்கிறார்.

நசீர் நானா த்ரீவீலரை எடுத்தார். வழி முழுக்க எனக்குப் புத்தி சொன்னார்.

"மிஸ், நான் சொல்றத கேளுங்க. உள்ள போங்க. அவர்தான் செஞ்சாரு, எங்கட டிரெய்னிங்தான்னு ஒத்தப் பேச்சு. அதுக்கு மேல ஒன்னும் பேசாதீங்க. ஒங்கட ஐடி வேற அந்த மாதிரி."

என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போன குற்றம் அது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த கையோடு என்னைத் தூக்கிக்கொண்டு மாத்தளைக்கு வந்துவிட்டார். நான் நடந்தது, படித்தது, வேலை பார்த்தது எல்லாம் இந்த ஊரில்தான். ஆனாலும் அந்த ஒரு சொல்லை வாசித்ததும் சாவடிகளில் முகங்கள் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"ஆமா நானா, ஒத்தப் பேச்சுதான்" என்றேன். எனக்கு வேறு யோசனையே இருக்கவில்லை.

சாவடியில் பஸ் ஓரமாக நின்றது. ஆட்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். கொண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையிலேயே டின்னைக் கொடுத்தனுப்பியது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது விளங்கியது. மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மேசை. அதில் மூடி திறந்த டின். மட்டையில் எங்கள் கணினியில் அச்செடுத்து ஒட்டிய தமிழ் எழுத்து. பக்கத்துப் பலகையில் பெரிய சேர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் முதுகு நேராகத்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் முப்பது வயதைத் தாண்டாத பிள்ளை. குரலை உயர்த்தவில்லை. என் அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார், திருப்பித் தரவில்லை. பிறகு சான்றிதழை எடுத்தார்.

"இதில் இவர் தன் கையாலேயே செய்தார் என்று இருக்கிறது. சத்தத்தை நிறுத்துவதற்கு எங்கள் ஆள் ஒரு வயரைப் பிடுங்கினார். நீங்கள் செய்ததுதானே, திரும்பப் பூட்டிக் காட்டுங்கள் என்றேன். இவருக்கு எந்த வயர் எங்கே போகும் என்று தெரியவில்லை. தான் செய்த சாமானைத் தனக்கே பூட்டத் தெரியாதா?"

நான் பெரிய சேரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். "இதை இவர்தான் செய்தாரா?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்கவேண்டும். ஆம் என்பது நாக்கு நுனியில் இருந்தது. நசீர் நானா பின்னால் செருமினார். ஆனால் ஆம் என்றால் என்ன ஆகும்? பூட்டத் தெரியாத மனிதர் பூட்டினார் என்று நானும் சேர்ந்து சொல்லுகிறேன். அந்த இன்ஸ்பெக்டர் பிள்ளை முட்டாள் இல்லை. இரண்டு பேரும் எதையோ மறைக்கிறோம் என்று தெரிந்துவிடும். அவரை நகரத்துக்குக் கொண்டுபோய் விசாரிப்பார்கள். அந்த நாட்களில் சந்தேகத்தில் உள்ளே போன ஒருவர் வெளியே வர எத்தனை மாதமாகும் என்று யாராலும் சொல்லமுடியாது. இல்லை என்றால், அப்படியானால் யார் என்று கேட்பார். அதற்குப் பதில் நான். யாழ்ப்பாணத்தில் பிறந்த நான்.

"இல்லை" என்றேன். "செய்தது நான்."

நசீர் நானா செருமுவதை நிறுத்திவிட்டார்.

"அப்படியானால் இது பொய்யா?" சான்றிதழை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பொய்தான். கையெழுத்து என்னுடையது."

"ஏன்?"

"இவர் எங்களுக்குப் பெரியவர். இவரிடம் படித்தவர்களுக்கு முன்னால் இவர் தடுமாறுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நானே பூட்டிக் கொடுத்துவிட்டேன். இவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டரியைக் கழற்றவேண்டும் என்பதுகூடத் தெரியாது."

அவர் என் அடையாள அட்டையை மறுபடியும் எடுத்தார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அது என்னுடைய கெட்டித்தனம் என்று பெருமையடிக்கமாட்டேன். பயத்தில் வாத்தியார் புத்தி தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை.

"சேர், எனக்குப் பத்து நிமிஷம் தாருங்கள்" என்று இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் கேட்டேன். "உங்கள் கண் முன்னால் இவருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் சாமானைத் தொடமாட்டேன். இது நான் சொல்வது போலச் சிறுபிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்றால், இதுவரை வயர் பூட்டிப் பழகாத இவரால் பத்து நிமிஷத்தில் செய்யமுடியும். முடியவில்லை என்றால் இரண்டு பேரையும் கொண்டுபோங்கள்."

இன்ஸ்பெக்டர் தன் ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். தான் தள்ளி நிற்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சேர், வாங்க" என்று பெரிய சேரைக் கூப்பிட்டேன். வந்தார். டின்னுக்கு முன்னால் நின்றார். என் கைகள் பூட்டத் துடித்தன. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டேன். என் வேலைக்காலத்தில் என் கைகளை அடக்கிவைத்த முதல் நாள் அது.

"பட்டரியில இருந்து ஒரு வயரு பசருக்குப் போகணும். கழண்டு கெடக்குறது எதுன்னு நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். ஒரு வயரை எடுத்தார், தப்பான வயர். நான் வாயைத் திறக்கவில்லை. அவரே அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தார். முனையை முறுக்கினார், நழுவியது. மறுபடியும் முறுக்கினார். கழன்று உருண்டிருந்த பட்டரியை எடுத்துப் போட்டார். இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தார்.

சத்தம் வரவில்லை.

வெளியே வரிசையில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது, பட்டரி தலைகீழாக இருந்தது. பின்னால் இருந்த கையில் நகம் பதிந்தது.

"ஒன்னும் அவசரமில்ல சேர்" என்றேன். அப்பட்டமான பொய். "என்ன கொறையுதுன்னு பாருங்க."

அவர் வயரைப் பார்த்தார், பசரைப் பார்த்தார், பட்டரியைப் பார்த்தார். பட்டரியின் தலையை விரலால் தடவினார். "இதுக்கு மேல் பக்கம் கீழ் பக்கம் இருக்கா மிஸ்?" என்று கேட்டார்.

"இருக்கு சேர்."

திருப்பிப் போட்டார். முனைகளைச் சேர்த்தார்.

அந்தப் பசர் அன்றைக்கு அலறியது போல் எந்தப் பசரும் அலறி நான் கேட்டதில்லை. ஒரு பொலிஸ்காரர் மண்மூட்டைக்குப் பின்னால் பதுங்கிவிட்டு, எல்லோரும் பார்ப்பதைக் கண்டு சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்தார். வரிசையில் நின்ற ஓர் அம்மா, "இந்தக் கருமத்துக்கா நான் முழங்கால் தேய விழுந்தேன்?" என்று சத்தமாகக் கேட்டார். முதலில் சிரித்தது கொண்டக்டர்.

பெரிய சேர் சிரிக்கவில்லை. முனைகளைப் பிரித்தார், சேர்த்தார், பிரித்தார், சேர்த்தார். பிறகு சப்பாத்துக் கயிறு கட்டிய பொலிஸ்காரரைப் பார்த்து, "இங்கே வா மகன்" என்று சிங்களத்தில் கூப்பிட்டார். அவரும் வந்தார். அந்தக் குரலுக்கு யாரும் வருவார்கள். சேர் முதலாவது கேள்வியைச் சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சொன்னார். சிலந்தி எங்கே வசிக்கும்? விடைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். பொலிஸ்காரர் வயர் முனையைக் கூட்டில் வைத்தார். சத்தமில்லை.

"அவசரப்படாதே. இன்னொரு தரம் யோசி" என்றார் சேர்.

வலையில் வைத்தார். அலறியது. அந்தப் பொலிஸ்காரரின் முகத்தில் வந்த சிரிப்பை நான் ஆறாம் தரத்து வகுப்புகளில் நூறு முறை பார்த்திருக்கிறேன். மற்றவர்களும் சூழ்ந்துவிட்டார்கள். கடைசிக் கேள்வியை இன்ஸ்பெக்டர்தான் செய்தார். அவருக்கும் முதல் தரம் பிழையாகிவிட்டது.

அவர் ஒரு புத்தகத்தில் நடந்ததை எழுதி, எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். என் அடையாள அட்டையை என்னிடம் தந்தார். சான்றிதழைப் பெரிய சேரிடம் தந்தார். "இப்போது இது பொய்யில்லை" என்றார். என்னைப் பார்த்து, இனிமேல் இப்படிச் சாமான்களை அனுப்பும்போது முன்கூட்டியே அறிவியுங்கள், பட்டரியைத் தனியாக அனுப்புங்கள் என்றார். நியாயமான பேச்சு. அடுத்த பயிற்சியிலிருந்து அப்படியே செய்தோம்.

அதற்குப் பிறகு நான் கையெழுத்துப் போடும் முறையும் மாறியது. யாராக இருந்தாலும் சரி, எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி, முடிந்ததும் சாமானை முன்னால் வைத்து, "கழட்டுங்க, திரும்பப் பூட்டுங்க" என்பேன். கணினியும் அப்படித்தான். அணைத்துவிட்டு, நீங்களே திறந்து காட்டுங்கள் என்பேன். சில அதிபர்கள் முகத்தைச் சுழித்தார்கள். ஒருவர் என்னைப் பற்றி மேலிடத்துக்குக் கடிதமும் எழுதினார், கையால்தான், அவருக்கு இன்னும் தட்டச்சு வந்திருக்கவில்லை. பெரிய சேரின் பாடசாலையிலோ, அடுத்த தவணை நான் போனபோது, ஆறாம் தரத்துப் பிள்ளைகள் தாங்களே கணினியில் கேள்வி அடித்து ஒட்டிய பெட்டிகள் பதினொன்று இருந்தன. இரண்டு வேலை செய்யவில்லை. அந்த இரண்டையும் அவர் என்னிடம் ஒளிக்காமல் காட்டினார்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. சாவடியிலிருந்து புறப்பட்டபோது நடந்த ஒன்று. கொண்டக்டர், ஐயாவை ஏற்றுகிறேன், அந்த டின்னை ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். டின்னை விட்டுவிட்டு ஏறச் சேருக்கு மனமில்லை. ஆகவே நசீர் நானாவின் த்ரீவீலரில் அவரை அடுத்த பஸ் எடுக்கும் சந்தி வரை கொண்டுபோனோம். நானா சிரித்து முடியவில்லை. "மிஸ், ஒத்தப் பேச்சு பேசச் சொன்னா நீங்க முழுப் புத்தகமே படிச்சிட்டீங்களே" என்று திரும்பித் திரும்பிச் சொன்னார். சேர் அந்தச் சிரிப்பில் சேராமல், டின்னை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எனக்கு மனம் அடித்துக்கொண்டது. மரத்தடியில் பள்ளிக்கூடம் நடத்திய மனிதரை, ஒன்றும் தெரியாதவர் என்று பொலிஸ்காரர்களுக்கு முன்னால், ஒரு பஸ் ஆட்களுக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன். சந்தி வந்தது. அவர் இறங்கியதும் நானும் இறங்கினேன்.

"சேர், எல்லாருக்கும் முன்னால அப்பிடிச் சொன்னதுக்கு என்ன மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"அதுக்கு எதுக்கு மிஸ் மன்னிப்பு? உண்மையத்தானே சொன்னீங்க." டின்னை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். கோபமே இல்லாத குரல், அதுதான் என்னை இன்னும் சுட்டது. "ரெண்டு நாள் வந்து ஒங்க முன்னால உக்காந்திருந்தேன். கையி நடுங்குது, கொஞ்சம் நேரமெடுக்கும், ஆனா கத்துக்கணும்னுதான் வந்தேன். பெரிய சேரு, பெரிய சேருன்னு சொல்லி ஒன்னுமே படிச்சுக் குடுக்காம அனுப்பிட்டீங்க. மன்னிப்புக் கேக்கணும்னா அதுக்குக் கேளுங்க."

பஸ் வருவதற்குள் கேட்டேன்.